கூறையும் வெள்ளையும்

அத்தியாயம் பதினொன்று

நாலாம் நேர்முகத்தில் இருந்தவர்கள்: காசு லாச்சி மேசைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய பெரிய கதிரையில் முதலாளி கனகரத்தினம். அவருக்கு வலப்பக்கம், சாமித்தட்டுக்கு நேர் கீழே, வாங்கில் அவர் மனைவி பூரணம். வாசலுக்கு உட்புறமாக, தெருவும் கடையும் இரண்டும் தெரியக்கூடிய இடத்தில், முக்காலியில் பூரணத்தின் தம்பி சீவரத்தினம். கடையின் நடுவில் குணலட்சுமி. அவளுக்கு இருக்க ஒன்றும் போடப்படவில்லை. முந்தின தடவைகளிலும் அப்படித்தான்.

அந்தத் தடவைகளில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதலில் கனகரத்தினம் கணக்குக் கேட்டார். அவள் மனக்கணக்காகவே சொன்னாள். "சரி, சொல்லியனுப்புறம்" என்றார். அடுத்த முறை சீவரத்தினம் சீலைக் கட்டுகளை அவிழ்த்துப்போட்டு மடிக்கச் சொன்னார். மடித்து முடித்ததும் அதே கட்டுகளை மறுபடி அவிழ்த்தார். அன்றுதான், அதே வேலைக்கு வந்திருந்த அவளுடைய பெரியப்பா கதிரவேலுவின் மகள் பராசக்தி கழிக்கப்பட்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு நின்றது. வேலியில் போக வர இருந்த பொட்டு என்ற இடைவெளியைப் பெரியப்பா தென்னங்கிடுகு வைத்து அடைத்தார். மூன்றாம் முறை பூரணம், "கலியாணம் பேசுகினமோ? பேசினால் எங்களுக்கு முதலிலேயே சொல்லிப்போட வேணும்" என்று சொல்லி, தலைமயிர் முதல் கால்விரல் வரை பார்த்து, "சொல்லியனுப்புறம்" என்றாள்.

இத்தனையும் நெல்லியடியில் ஒரு புடவைக்கடையில் துணி அளந்து கொடுக்க ஒரு பிள்ளையை எடுப்பதற்கு. ஆனால் சீமெந்து ஆலை மூடிய நாளிலிருந்து தகப்பன் சண்முகநாதன் வீட்டோடு இருக்கிறார். உடுப்பிட்டியில் அந்த வீட்டு அடுப்புக்கு இப்போது வேறு வழியில்லை.

"இண்டைக்கு என்ன பாக்கப்போறியள்?" என்று குணலட்சுமியே கேட்டாள்.

"கைராசி," என்றார் கனகரத்தினம். "விளக்கை ஏத்தும். முதல் வியாபாரத்தையும் நீரே செய்யும். பாப்பம்."

"கணக்குச் சரி, மடிப்புச் சரி எண்டால் போதாதே?"

பூரணம் வாங்கில் நிமிர்ந்தாள். "கணக்குத் தெரிஞ்ச கையெல்லாம் ராசியான கையே? முந்தி நிண்டவள் பட்டதாரி. அவள் வந்த கிழமைதான் கடைக்கு முன்னாலை ஷெல் விழுந்தது."

"அது அவள் அடிச்ச ஷெல்லே, அம்மா?"

சீவரத்தினம் சிரித்துவிட்டார். தமக்கை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக்கினார்.

நெருப்புப்பெட்டி கைக்கு வந்தது. குணலட்சுமி அதைத் திறக்காமல் நின்றாள்.

அன்று விடியற்காலை நீர்வேலியிலிருந்து ஒருவன் சைக்கிளில் வந்து அவள் வீட்டு வாசல் படலையடியில் இறங்கியிருந்தான். வெறும் மேல், இடுப்பில் சால்வை, முகத்தில் நித்திரை இல்லை. இழவு சொல்ல வந்தவன் என்று பார்த்தாலே தெரியும். நீர்வேலியில் பெண் எடுத்து, வாழைத்தோட்டத்தோடு அங்கேயே தங்கிவிட்ட தம்பிஐயா, அப்பாவுக்குச் சித்தப்பாவான சின்னையா, மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். வந்தவன் வாய் திறக்குமுன் அம்மா பாலேஸ்வரி விளக்குமாறும் கையுமாக ஓடினாள்.

"தம்பி, சொல்லாதை! வாய் திறவாதை!"

"இல்லையணை, நான் வந்தது..."

"காதிலை விழுந்தால்தான் துடக்கு. நீ ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை. கிணத்தடியிலை போய் இரு, தேத்தண்ணி தாறன். பிள்ளை போனாப்பிறகு வந்து சொல்லு."

துடக்கு என்ற சாவுத்தீட்டு ஒட்டிவிட்டால் மகள் நேர்முகத்துக்குப் போகமுடியாது. இழவு சொல்ல வந்த ஒருவனுக்கு இவ்வளவு உபசாரம் யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் நடந்திராது. அவன் கிணற்றடியில் போய்க் குந்தினான். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா உள்ளே நித்திரை. குணலட்சுமி அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பாலேஸ்வரிக்குத் தெரியாதது ஒன்று. அவன் முதலில் இறங்கிய இடம் பக்கத்து வளவு, பெரியப்பா கதிரவேலுவின் வீடு.

"என்ன பிள்ளை, நெருப்புப்பெட்டி நனைஞ்சு போச்சோ?" என்றாள் பூரணம்.

குணலட்சுமி குச்சியைக் கிழித்தாள். இலுப்பெண்ணெய்த் திரி உடனே பிடித்துக்கொண்டது.

முதலில் வந்து ஏறியவர்கள் கலியாண வீட்டுக்காரர். கரவெட்டிச் சிவக்கொழுந்துவும் அவள் மகளும். தாலி கட்டும்போது உடுக்கும் கூறைச் சேலை வேண்டும். சரக்குக் கப்பல் வந்து மாதங்களாகிவிட்டது. அலுமாரியில் இருந்ததே ஒரு கூறைதான். அது கொஞ்சம் கடுஞ்சிவப்பு. சிவக்கொழுந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உது இரத்தம் மாதிரிக் கிடக்கு."

"கடைக்குள்ளை இருட்டு, அம்மா. வெளியிலை வெய்யிலுக்குப் பிடிச்சுப் பாருங்கோ. தங்கச்சி, நீர் தோளிலை போடும்." குணலட்சுமி மணப்பெண்ணை வாசலுக்குக் கூட்டிப்போனாள். வெயிலில் கூறை மாதுளம்பூப்போல இளகியது. பெண் தாயைப் பார்த்துச் சிரித்தாள். வேலை முடிந்தது.

கட்டிக் கொடுக்க வேண்டிய இடத்தில் குணலட்சுமியின் கை நின்றது.

"அம்மா, கூறையை நீங்கள் எடுத்துக் குடுங்கோ," என்றாள் பூரணத்திடம். "சுமங்கலிக் கை."

"ஏன், உம்மடை கைக்கு என்ன வந்தது? உம்மடை கையைத்தானே பாக்க இருக்கிறம்."

இரண்டு கையாலும் கொடுத்தாள். கனகரத்தினம் லாச்சியைத் தள்ளி மூடினார். மூன்று தடவையும் வராத சொல் அப்போது வந்தது.

"சரி. திங்கக்கிழமையிலையிருந்து வாரும்."

அந்த நேரத்தில்தான் பெரியப்பா கதிரவேலு படியேறினார். மேலில் சட்டையில்லை. சால்வை இடுப்பில்.

"முதலாளி, ஒரு வெள்ளை வேட்டி எடுங்கோ. பிரேதத்துக்கு." சொல்லிவிட்டு அப்போதுதான் கண்டவர்போலத் திரும்பினார். "அட, நீ இன்னும் இஞ்சையே நிக்கிறாய் பிள்ளை? நீர்வேலிச் சின்னையா மோசம் போட்டார். உன்ரை வீட்டுக்கு ஆள் வரேல்லையே?"

படியிறங்கப் போன சிவக்கொழுந்து பொதியோடு திரும்பினாள்.

"ஆர் செத்தது?" சிவக்கொழுந்துவின் குரல் உயர்ந்தது. "இந்தப் பிள்ளைக்கு ஆர்?"

"என்ரை சொந்தத் தம்பியின்ரை மகள், அம்மா. எனக்குச் சின்னையா எண்டால் அவளுக்கு ஆர் எண்டு நீங்களே பாருங்கோ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மட்டும் எங்களுக்குத் துடக்கு."

சிவக்கொழுந்து கூறைப் பொதியை மேசையில் எறிந்தாள். மணப்பெண் கூறை பட்ட தோளைக் கையால் துடைத்தாள். அதைத்தான் குணலட்சுமியால் பார்க்க முடியவில்லை.

"துடக்கோடை வந்து என்ரை விளக்கைத் தொட்டாளே!" பூரணம் எழுந்துவிட்டாள். "தம்பி, மஞ்சள் தண்ணி கொண்டா! அதுதானே நெருப்புப்பெட்டியை வைச்சுக்கொண்டு மரம்மாதிரி நிண்டவள். தெரிஞ்சுதான் ஏத்தினவள்!"

குணலட்சுமி பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். "உடுப்பிட்டிச் சந்தியிலையும் வெள்ளை வேட்டி விக்கினம். பராசக்தியை இஞ்சை எடுத்திருந்தால், நெல்லியடி மட்டும் சைக்கிள் உழக்கி வந்திருப்பியளோ, பெரியப்பா?"

"வாய் நீளுது. உன்ரை தேப்பன் வளத்த வளப்பு."

"உங்களையும் அப்பாவையும் தோளிலை தூக்கி வளத்தவர் அங்கை கிடக்கிறார். அவற்றை வேட்டியைக் கொண்டுவந்து எனக்கு எறிஞ்சிருக்கிறியள்."

கதிரவேலு காசை வைத்தார். வேட்டியை அக்குளில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

இனி என்ன, வெளியே போ என்பார்கள் என்றுதான் குணலட்சுமி நினைத்தாள். கனகரத்தினம் அப்படிச் சொல்லவில்லை. அவர் கண் கூறைப் பொதியில் இருந்தது.

"கலியாணம் எப்ப, அம்மா?"

"வாற புதன்."

"இப்பத்தை நிலைமையிலை புதனுக்கிடையிலை வேறை கூறை எங்கை எடுப்பியள்?"

சிவக்கொழுந்து பொதியைத் திரும்பப் பார்த்தாள். பருத்தித்துறை வரை தேடிவிட்டு வந்தவள் அவள்.

"இஞ்சை கேளுங்கோ. சொந்தம் எண்டாப்போலை எல்லாரும் துடக்குக் காக்கிறேல்லை. கோவம் கொண்டு விட்டுப்போன சொந்தங்கள் எத்தனை! பிள்ளை, நீர்வேலி வீட்டோடை நாங்கள் துடக்குக் காக்கிறேல்லை எண்டு உம்மடை அப்பர் ஒரு கடிதம் எழுதித் தரட்டும். அப்ப கூறைக்கும் குற்றமில்லை, விளக்குக்கும் குற்றமில்லை. திங்கக்கிழமை நீரும் வரலாம்."

எவ்வளவு லேசாகச் சொன்னார்! ஒரு வீட்டோடு துடக்குக் காப்பதில்லை என்று சொன்னால், அந்த வீட்டு நன்மைக்கும் இல்லை, தின்மைக்கும் இல்லை என்று பொருள். கோபத்தில் வாயால் சொன்னவர்களே பிறகு ஒன்று சேர முடியாமல் செத்திருக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தவர்கள் எவரும் இல்லை.

"பொழுதுபடமுன்னம் கடிதம் என்ரை கையிலை இருக்கவேணும்," என்றாள் சிவக்கொழுந்து. வாங்கில் இருந்தும் கொண்டாள்.

"சீவரத்தினம், நீ பிள்ளையோடை போய் வாங்கிக்கொண்டு வா," என்றார் கனகரத்தினம்.

*

சண்முகநாதன் நாலுமுழம் கட்டி, சால்வையோடு விறாந்தையில் நின்றார். விஷயம் அவர் காதுக்கு வந்து நெடுநேரம். போவதற்குச் சைக்கிள்தான் இல்லை. மகள் படலைக்குள் இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்தார்.

"விடு. வல்லைவெளி தாண்டவேணும். அவரை எடுக்கமுன்னம் போய்ச் சேரவேணும்."

"அப்பா, ஒண்டு சொல்லவேணும்." கடையில் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, மணப்பெண் தோளைத் துடைத்ததையும்.

அவர் சைக்கிளைச் சுவரோடு சாத்தினார். "பேனையைக் கொண்டா."

"என்னத்துக்கு?" என்றாள் பாலேஸ்வரி.

"நாலு தரம் என்ரை பிள்ளையை நிப்பாட்டி வைச்சவங்கள். அஞ்சாந்தரம் நிக்க விடமாட்டன். எழுதிறன். செத்த மனிசனுக்குத் தெரியவே போகுது?"

"உங்களுக்கு விசரே!"

"எனக்கோ விசர்? வந்தவன்ரை வாயைப் பொத்திக் கிணத்தடியிலை இருத்தினவள் ஆர்? நீ தொடங்கினதை நான் முடிக்கிறன்."

"நான் ஒரு காலமையை மறைச்சனான். நீங்கள் உறவு வழியையே அறுக்கப் பாக்கிறியள். நாளைக்கு உங்களுக்கு ஒண்டு எண்டால் இந்த வாசலிலை ஆர் வந்து நிப்பினம்? கனகரத்தினமோ பாடையிலை தோள் குடுப்பான்?"

"அப்ப சோத்துக்கு வழி சொல்லு!"

"நானோ சொல்லுறது? ஆலை மூடினதிலையிருந்து உந்தச் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பினியளே?"

"எழும்பி எங்கை போக? ஆலை றோட்டிலை ஆமி நிக்கிறான், அவனிட்டைச் சம்பளம் கேக்கவோ?"

அந்த வீட்டில் இரண்டு வருடமாக ஒருவரும் சொல்லாமல் வைத்திருந்தவை. சொன்னபிறகு இருவருமே பயந்துபோய் நின்றார்கள்.

படலைக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. "சுணங்குது! அங்கை கூறைக்காறர் பாத்துக்கொண்டிருக்கினம்!" சீவரத்தினம்.

"உள்ளுக்கை வந்து இருங்கோவன்," என்றாள் பாலேஸ்வரி.

"வேண்டாம். துடக்கு வீடு."

பாலேஸ்வரி படலை வரை போய்விட்டாள். "துடக்கு வீடு எண்டு உள்ளுக்கை வரமாட்டியள். துடக்கு இல்லை எண்டு எழுதித் தரவும் வேணும். இதிலை எதைச் சொல்லி அனுப்பினவர் உங்கடை அத்தான்?"

சீவரத்தினம் ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே குண்டு போடும் பொம்மர் ஒன்றும் இல்லை.

குணலட்சுமி தகப்பனின் கையிலிருந்த பேனையை வாங்கினாள். "நீங்கள் வெளிக்கிடுங்கோ, அப்பா. வல்லைவெளியிலை எதிர்க்காத்து. நான் எழுதிறன்."

"என்னெண்டு எழுதப்போறாய்?"

"உள்ளதை."

"அப்ப வேலை?"

அவள் தலை குனிந்தாள். சண்முகநாதன் மகளின் உச்சியை ஒருதரம் பார்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு, சீவரத்தினத்தை ஏறெடுத்தும் பாராமல் வெளியே போனார்.

மேசையில் இருந்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் குணலட்சுமி எழுதியது இது:

"திரு. கனகரத்தினம் அவர்கட்கு, உடுப்பிட்டி சண்முகநாதன் மகள் குணலட்சுமி எழுதுவது. நீர்வேலியில் காலமான தம்பிஐயா என் தகப்பனாரின் சிறிய தகப்பனார். அந்த வீட்டுத் துடக்கு எங்கள் வீட்டுத் துடக்கு. விளக்கேற்றும்போது எனக்குக் காதால் கேட்டிருக்கவில்லை, மனதால் தெரியும். கூறை எடுத்தவர்களிடம் இதை அப்படியே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது பிழை. அதற்கு அவவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கணக்குக் கேட்டீர்கள், சொன்னேன். மடிக்கச் சொன்னீர்கள், அவிழ்த்து அவிழ்த்து மடிப்பித்தீர்கள். என் கலியாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கும் மறுமொழி சொன்னேன். ஒரு நாளாவது இருக்கச் சொல்லவில்லை. இன்று என் உறவை அறுத்து எழுதித் தரச் சொல்கிறீர்கள். அது ஒரு கூறையை விற்பதற்காக.

திங்கட்கிழமை வாரும் என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். திங்கட்கிழமை வரமாட்டேன். அந்தியேட்டி முடிந்த மறுநாள் வருவேன். வேலைக்கு வருவேன்; இன்னொரு நேர்முகத்துக்கு அல்ல. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். சொல்லியனுப்புகிறோம் என்று மட்டும் எழுத வேண்டாம்."

தாய்க்கு வாசித்துக் காட்டினாள். பாலேஸ்வரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். அந்தக் கடிதத்தோடு வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"கடைசி வரி கொஞ்சம் கூடிப்போச்சோ, அம்மா? வெட்டட்டே?"

"வெட்டாதை," என்றாள் பாலேஸ்வரி. "ஒட்டு."

குணலட்சுமி பழைய கடித உறை ஒன்றைப் பிரித்து, உட்புறம் வெளியே வர மடித்து, விளாம்பிசின் தடவி ஒட்டினாள். பிசின் காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிறகு படலைக்குப் போனாள்.

"நிலத்திலை வையும். எடுக்கிறன்," என்றார் சீவரத்தினம்.

அவள் நிலத்தில் வைக்கவில்லை. அவருடைய சைக்கிள் கரியரின் கம்பியைத் தூக்கி, கடிதத்தை அதற்குள் வைத்து விட்டாள். கம்பி படாரென்று விழுந்தது.

"அப்பர் கையெழுத்து வைச்சவரோ?"

"நான் வைச்சனான்."

"என்னெண்டு எழுதியிருக்கு?"

"முதலாளிக்கு எழுதினது. முதலாளி பிரிப்பார்."

சீவரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஏறி உழக்கினார். கடிதம் கரியரில் வெள்ளையாகத் தெரிந்தது.

நெல்லியடிக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். சைக்கிள் திரும்பவில்லை. பெரியப்பா வீட்டுப் படலையடியில் நின்றது.

"கதிரவேலண்ணை, நிக்கிறியளோ? உங்கடை குடும்பம் நீர்வேலியோடை துடக்குக் காக்கிறேல்லை எண்டு உங்களாலை எங்களுக்கு ஒரு கடிதம் ஆகவேணும். பராசக்திக்கும் நன்மையான விஷயம்."

நீர்வேலிக்கு வெளிக்கிட்டு நின்ற கதிரவேலு படலைக்கு வந்தார். வெள்ளை வேட்டிப் பொதி அவர் அக்குளிலேயே இருந்தது. இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்தார்கள். பிறகு பெரியப்பா படலையை அகலத் திறந்தார்.

துடக்கு வீட்டுக்குள் வரமாட்டேன் என்ற மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.